இரைச்சல் இல்லாமல் நான்கு பாட்டு

சென்ற வாரம் பினாங்கில், ஜெலுத்தோங்கில் ஒரு ஹார்ட்வேர் கடையில், ஒழுகும் குழாய்க்கு வாஷர் வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் காண்டாக்ட் கிளீனர் கேட்டார். ரேடியோ, ஆம்ப் போன்ற சாமான்களின் உள்ளே அழுக்கை எடுக்க அடிக்கிற மருந்து அது. டப்பா வேலை செய்கிறதா என்று காட்டக் கடைக்காரர் காற்றில் ஒரு தடவை 'புஸ்'ஸென்று அடித்தார். பெட்ரோலும் கனிந்துபோன வாழைப்பழமும் கலந்தது மாதிரி ஒரு வாசனை. அது மூக்கில் ஏறியதும் நான் வாஷர் வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். வீட்டில் குழாய் இன்னும் ஒழுகுகிறது. அதைப் பற்றி என் மனைவி சொன்னதையெல்லாம் இங்கே எழுத வேண்டாம்.

அந்த வாசனை என்னைக் கொண்டுபோய் விட்ட இடம், குயின் ஸ்திரீட்டில் ஒரு மசாலா அரைக்கும் கடையின் மேல்மாடி. அஞ்சடியிலிருந்து, அதாவது கடை முன்னால் உள்ள நடைபாதையிலிருந்து, ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய மரப்படி. மேலே ஒரே அறை. சுவரெல்லாம் பழைய பஞ்சு மெத்தைகள், அவற்றுக்கு மேலே முட்டை அட்டைகள். அதற்கு 'ஸ்டூடியோ' என்று பெயர் வைத்திருந்தோம். சொல்லும்போது எங்களுக்கே சிரிப்பு வரும். கீழே மிளகாய் அரைத்தால் மேலே மூன்று பேரும் தும்முவோம். எங்கள் ஒலிப்பதிவில் விழுந்த முதல் இரைச்சல் தும்மல்தான்.

மூன்று பேர் என்றேன். ஒருவன் குணா, என்னோடு படித்தவன். வாரநாட்களில் வெல்ட் கீயில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. கீபோர்டு வாசிப்பான், அறையும் ரெக்கார்டரும் அவனுடையவை. இன்னொருவன் நான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சர்க்கியூட் பலகைகளைச் சோதிக்கிற வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ் கிட்டார். மூன்றாவது பவானி அக்கா.

அக்கா எங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவர். சுங்கை பாக்காப்பிலிருந்து பஸ் பிடித்து, பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி, மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு சேலைக் கடைக்கு வேலைக்கு வருவார். சனி ஞாயிறுகளில் எங்களோடு கல்யாண வீடுகளில் பாடுவார். கல்யாணத்தில் பாட்டை யார் கேட்கிறார்கள் சொல்லுங்கள்? சாப்பாடு, போட்டோ, பழைய சண்டைகள் என்று ஆயிரம் இருக்கும். ஆனால் அக்கா பாட ஆரம்பித்தால், இலையில் கை வைத்தவர்கள் அப்படியே நிறுத்திவிட்டு மேடையைப் பார்ப்பார்கள். நான் பின்னால் நின்று, என் பேஸைத்தான் பார்க்கிறார்கள் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அக்கா தன் கைப்பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக் காட்டினார். அவரே எழுதி மெட்டுப் போட்ட நான்கு பாட்டுகள். ஒன்று அவருடைய அப்பாவைப் பற்றியது. பட்டர்வொர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் அவர். தினமும் சைக்கிளை ஜெட்டி வேலியில் பூட்டிவிட்டு வேலைக்குப் போவார். ஒரு நாள் வேலையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். சைக்கிள் அங்கேயே நின்றது. சாவி யாரிடமும் இல்லை. அப்போது பட்டர்வொர்த்தில் குடியிருந்த அக்கா, பள்ளிக்கூடம் போகவர அதைப் பார்த்துக்கொண்டே போனாராம், அது துருப்பிடிக்கும் வரைக்கும். அந்தச் சைக்கிளைப் பற்றித்தான் பாட்டு.

"இத ஒழுங்கா எடுத்து ரேடியோவுக்கு அனுப்புவோம் அக்கா," என்றான் குணா.

"எடுப்பமா? நெசமாவா சொல்ற?" என்று அக்கா கேட்ட முகம் எனக்கு நினைவிருக்கிறது.

இங்கே என் ஆம்ப்பை, அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ஹோட்டல் பேண்டில் வாசித்த ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது எனக்குக் கைமாற்றிவிட்டுப் போன டியூப் ஆம்ப் அது. உள்ளே பழைய ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடி வால்வுகள். போட்டுப் பத்து நிமிடத்தில் அவை ஆரஞ்சு நிறத்தில் கனியும், தூசி சுடுகிற வாசனை வரும். அதில் பேஸை ஒரு தட்டுத் தட்டினால் சத்தம் வயிற்றில் வந்து உட்காரும். படியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். கல்யாணம் ஆகும் முன்பு நான் அன்பாகத் துடைத்து வைத்த ஒரே பொருள் அதுதான்.

முதல் ஞாயிறு எல்லாவற்றையும் மாட்டி, ஆம்ப் முன்னால் மைக் வைத்து, ஹெட்போனைக் காதில் போட்ட குணா முகத்தைச் சுளித்தான்.

"மச்சான், உன் பேஸுக்குள்ள வண்டு இருக்குடா."

நானும் கேட்டேன். கீழே ஒரு 'ம்ம்ம்ம்'. அதற்கு மேலே ஒரு 'ஸ்ஸ்ஸ்'. இடையிடையே சடசடவென்று எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி. ஒன்றல்ல, மூன்று நான்கு இரைச்சல்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன.

"ஆம்ப் வேணாம் லா. பேஸ நேரா மெஷின்ல போட்டுடுவோம். சத்தமே இருக்காது. அஞ்சு நிமிசத்துல பாட்ட எடுத்துடலாம்," என்றான் குணா.

இந்த வார்த்தையை அவன் முதல் நாளே, முதல் அரை மணியிலேயே சொன்னான். அதை மறைக்க நான் விரும்பவில்லை. நான்தான் கேட்கவில்லை. "நேரா போட்டா பிளாஸ்டிக் மாதிரி இருக்கும்டா, உயிரே இருக்காது," என்றேன். நாள் முழுக்கத் தொழிற்சாலையில் பலகைகளில் பிழை கண்டுபிடிக்கிறவன், ஒரு இரைச்சலைக் கண்டுபிடிக்க மாட்டேனா என்ற திமிர் வேறு.

அப்படித்தான் வேட்டை தொடங்கியது. கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் 'ஸ்ஸ்ஸ்' போனது. அப்படியானால் அது கிட்டார் வழியாக வருகிறது. நான் கிட்டாரோடு உட்கார்ந்த இடத்திலேயே மெல்லச் சுற்றினேன். தெருப்பக்கம் பார்த்தால் கூடியது, சுவரைப் பார்த்தால் குறைந்தது. மேலே இருந்த குழல் விளக்கை அணைத்ததும் பாதி போயிற்று. கீழே அரைக்கிற மோட்டார் மதியம் நின்றதும் மீதியும் போயிற்று. ஆக, இருட்டில், சுவரைப் பார்த்து, மத்தியானத்துக்கு மேல் வாசித்தால் சரி. "தண்டனை குடுத்த மாதிரி உட்கார வச்சிட்டீங்களே," என்று அக்கா சிரித்தார். சடசடப்பு, பட்டன்களுக்குள் இருந்த அழுக்கு. காண்டாக்ட் கிளீனர் அடித்துத் திருகித் திருகி எடுத்தோம். ஜன்னல் சாத்திய அறையில் அந்த வாசனையோடு மிளகாய் நெடியும் சேர்ந்து மூவருக்கும் தலைவலி.

ஒவ்வொன்றாகச் சரி செய்கிறபோதும் ஒரு தடவை பாட்டை எடுத்துப் பார்ப்போம். அக்கா முழுக்கப் பாடுவார். "சும்மா முனகுங்க போதும் அக்கா," என்று சொன்னாலும் அவருக்கு முனகத் தெரியாது. பிறகு டேப்பைப் பின்னால் ஓட்டி, அதன் மேலேயே அடுத்ததை எடுப்போம். நல்ல கேசட் கிடைப்பது சிரமம், அதனால் அப்படி. நான்கு தடங்கள் உள்ள ரெக்கார்டர்: தாளம், பேஸ், கீபோர்டு, குரல். மேலே எடுத்தால் கீழே இருந்தது போய்விடும். அன்று அவர் ஏழெட்டுத் தடவை பாடியிருப்பார். அத்தனையும் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டு போயின. நாங்கள் கேட்டது பேஸை மட்டும்தான்.

அடியில் இருந்த 'ம்ம்ம்' மட்டும் போகவில்லை. இரண்டாவது ஞாயிறு அதைப் பிடித்துக்கொண்டோம். ஆம்ப்பிலிருந்து மெஷினுக்கு இன்னொரு வயரும் போயிருந்தது. இரண்டும் வேறு வேறு பிளக்கில் எர்த் ஆனால் இப்படி முனகும் என்று எங்கோ படித்திருந்தேன். "எர்த் காலக் கழட்டிடுவோம்டா, உடனே போயிரும்," என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். குணா பிளக்கை என் கையிலிருந்து பிடுங்கினான்.

"சத்தமும் போகும், நீயும் போவ. அக்கா கையில இரும்பு மைக் இருக்கு. பைத்தியமா உனக்கு?"

அதில் அவன் கறார். எல்லாவற்றையும் ஒரே பிளக்கிலிருந்து எடுத்தோம். கொஞ்சம் குறைந்தது. கிட்டார் வயரையே பிடுங்கி, எல்லா பட்டனையும் பூஜ்யத்தில் வைத்துப் பார்த்தேன். அப்போதும் முனகல். அப்படியென்றால் கோளாறு ஆம்ப்பின் வயிற்றுக்குள்தான். கரண்டைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும் என்பதால் நாங்கள் திறக்கவில்லை. ரேடியோ பழுது பார்க்கும் ஒரு சீன அங்கிளிடம் கொண்டுபோவது என்று முடிவானது.

அன்றைக்குப் பசியாற அக்கா வீட்டிலிருந்து இடியப்பம் கொண்டு வந்திருந்தார். சாப்பிடும்போதுதான் சொன்னார்.

"எனக்குக் கழுத்துல ஒரு கட்டி. தைராய்டாம். அடுத்த ஞாயிறு கழிச்சு வியாழக்கெழம ஆபரேஷன்."

சேலைத் தலைப்பை விலக்கிக் காட்டினார். பாக்கு அளவில் ஒரு வீக்கம்.

"பெரிய ஆபரேஷனா அக்கா?" என்றான் குணா.

"இல்ல லா. ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். குரல் கொஞ்சம் மாறினாலும் மாறலாம்னு டாக்டர் சொன்னாரு."

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லதுதான் அக்கா. இனிமே ஆம்பளப் பாட்டையும் நீங்களே பாடிடலாம்," என்றேன். மூவரும் சிரித்தோம். அக்காவும்தான் சிரித்தார். ஆனால் இடியப்பத்தைப் பிய்த்த கை நின்றுவிட்டது. அதை அப்போதே பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். பார்த்தும் மேலே யோசிக்கவில்லை. இருபத்தாறு வயதில் டாக்டர் சொல்வதெல்லாம் மற்றவர்களுக்கு என்று ஒரு நம்பிக்கை.

சீன அங்கிள் ஆம்ப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "கப்பாசிட்டர் சுடா துவா," என்றார். அதற்கு வயதாகிவிட்டதாம். மாற்றிக் கொடுத்தார். பென்சிலால் வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, மணிபோல ஒலித்த ஒன்றையும் மாற்றினார். சனிக்கிழமை நானும் குணாவும் ஆம்ப்பை மறுபடியும் படியேற்றினோம். ஸ்விட்சைப் போட்டேன். வால்வுகள் கனிந்தன. காதை ஸ்பீக்கரில் வைத்தேன். ஒன்றும் இல்லை. என் ஆயுளில் அவ்வளவு அழகான அமைதியைக் கேட்டதில்லை என்று குணாவிடம் சொன்னேன்.

மூன்றாவது ஞாயிறு. அக்கா கழுத்தில் ஒரு சால்வை சுற்றி வந்திருந்தார். பாட்டைத் தொடங்கினோம். ஒரு குறிப்பிட்ட சுரம் வந்தபோதெல்லாம் எங்கோ 'டிர்ர்ர்' என்று அதிர்ந்தது. அரை மணி தேடி, அது ஜன்னல் மேடையில் இருந்த அக்காவின் டிபன் கேரியர் மூடி என்று கண்டுபிடித்தோம். அதை எடுத்துப் படியில் வைத்தோம். பிறகு இன்னொன்று. ஒரே அறை என்பதால் அக்காவின் குரல் ஆம்ப் முன்னால் இருந்த மைக்கிலும் விழுந்தது. பேஸின் தடத்தை மட்டும் தனியாகக் கேட்டால், அடியில் தூரத்தில் யாரோ பாடுகிற மாதிரி.

அதையும் நான் இரைச்சல் என்றேன்.

"அக்கா, ஒண்ணு செய்வமா? இந்தத் தடவ நீங்க பாடாதீங்க. வாயை மட்டும் அசைங்க. எங்க எந்த வரி வருதுன்னு உங்களப் பாத்து நாங்க வாசிச்சிடுறோம். குரல தனியா அப்புறம் எடுத்துக்கலாம்."

"சரி தம்பி," என்றார்.

என் எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். தாளம் ஓடத் தொடங்கியதும் தொடையில் விரலால் தட்டிக்கொண்டே, நான்கு பாட்டையும் முதலிலிருந்து கடைசி வரை, சத்தமே இல்லாமல் பாடினார். சும்மா உதட்டை அசைக்கவில்லை. மூச்சை இழுத்து, புருவத்தைத் தூக்கி, உச்சத்தில் கண்ணை மூடி, மேடையில் செய்வது அத்தனையும் செய்தார். குரல் மட்டும் இல்லை. சைக்கிள் பாட்டு முடிகிற இடத்தில் அவர் கண்கள் நனைந்திருந்தன. நான் என் விரல்களைப் பார்த்தேன். நன்றாக வாசித்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் குணா ஹெட்போனைக் கழற்றி, "சுத்தம்டா. பளிங்கு," என்றான். கை தட்டினோம். அக்காவும் தட்டினார்.

"அக்கா, குரலையும் இப்பவே எடுத்துடலாமே?" என்றான் குணா.

"ஆமா தம்பி, ஒரேயொரு வாட்டி பாடிடட்டுமா?" என்று அக்கா எழுந்து மைக் அருகே போனார். அப்போது மழை பிடித்துக்கொண்டது. பினாங்கின் மத்தியான மழை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே தகரத் தாழ்வாரத்தில் கல்லைக் கொட்டியது மாதிரி சத்தம். மெத்தையெல்லாம் அதன் முன்னால் எந்த மூலைக்கு? அக்கா மைக்கைப் பிடித்தபடி எங்களைப் பார்த்தார்.

நான்தான் சொன்னேன். "மழ சத்தம் உள்ள விழும் அக்கா. ஏன் அவசரப்படுறீங்க? ஆபரேஷன் முடிஞ்சு, ரெஸ்ட் எடுத்துட்டு வந்து நிதானமா பாடுங்க. டேப் எங்க ஓடிப்போகுது?"

அக்கா மைக்கை ஸ்டாண்டில் வைத்தார். மழை விடக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். விடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கட்டியில் பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். குரல் மட்டும் வரவில்லை. குரல் நாணுக்குப் போகும் நரம்பு கட்டியோடு ஒட்டியிருந்ததாம், யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாதாம். ஆறு மாதத்தில் வரலாம் என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போனபோது, அக்கா கட்டிலிலிருந்து, "வா தம்பி," என்றார். காற்றுதான் வந்தது. காகிதத்தை உரசுகிற மாதிரி. நான் எதையெதையோ உளறிவிட்டு வந்தேன்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல் படியேறி வந்தார். மைக் முன்னால் நின்றார். குணா டேப்பை ஓடவிட்டான். முதல் வரியில் இரண்டு சொல் வந்தது, மூன்றாவது உடைந்தது. மறுபடி. மறுபடி. நான்காவது தடவை அவரே கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"நான் அப்ப பாடினது இருக்கா? பேஸுல சத்தம் வந்துச்சே, அது. பரவாயில்ல, அதையே அனுப்பிடலாம்."

குணா என்னைப் பார்த்தான். நான் ஆம்ப்பைப் பார்த்தேன்.

"மேலயே எடுத்துட்டோம் அக்கா," என்றான் குணா.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். கீழே மிளகாய் அரைக்கிற மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, "சரி, இருக்கிறதப் போடு, கேப்போம்," என்றார். நான்கு பாட்டையும் கேட்டார். குரலில்லாத பாட்டுகள்.

"பேஸ் ரொம்ப நல்லா இருக்கு தம்பி," என்றார். குத்திச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லத் தெரிந்தவரும் இல்லை. குத்தியிருந்தால் இத்தனை வருடத்தில் ஆறியிருக்கும்.

அதன்பிறகு அவர் பாடவில்லை. குரல் ஓரளவு திரும்பியது, பேசும் அளவுக்கு. சேலைக் கடையில் கூப்பிட்டு விற்க முடியாததால் வேலையை விட்டார். சுங்கை பாக்காப்பிலேயே கல்யாணம் ஆனது, ஒரு மகள் பிறந்தாள். நான் இரண்டு தீபாவளிக்குப் போனேன். மூன்றாவதற்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டால் காரணம் எதுவும் சொல்லத் தெரியாது, அதாவது, தெரியும். கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று குணா ஒரு நாள் சொன்னான். ஆம்ப்பை விற்றேன். யாருக்கு என்றுகூட நினைவில்லை. குணா குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போய்விட்டான். மசாலாக் கடையும் மேல்மாடியும் இப்போது ஒரு சின்ன ஹோட்டல். ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்தேன். அந்த அறையில் வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில். ரொம்ப அமைதியாக இருக்கும் என்று வரவேற்பறைப் பெண் சொன்னாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் பவானி அக்கா இறந்துபோனார். மாரடைப்பு, அவருடைய அப்பாவைப் போலவே. தகவல் கிடைத்துக் கருமக்கிரியை அன்றுதான் போனேன். மகள் எனக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். இருபது வயதிருக்கும்.

"அங்கிள், நீங்கதான் அம்மாகூட வாசிச்சவங்களா? அம்மா நல்லாப் பாடுவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் கேட்டதே இல்ல. டேப் ஏதாச்சும் இருக்கா?"

"இல்லம்மா," என்றேன்.

அவள் உள்ளே போய் அந்த நோட்டை எடுத்து வந்தாள். "வரி எல்லாம் எனக்குத் தெரியும். சைக்கிள் பாட்டுக்கு மெட்டு எப்படின்னு மட்டும் தெரியல. அம்மாவக் கேட்டா, அப்புறம் சொல்றேன், அப்புறம் சொல்றேன்னுட்டே இருந்தாங்க."

நான் வாசலுக்கு வந்து பெர்த்தில் இருந்த குணாவைப் போனில் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "எனக்கு அந்த ஆம்ப்போட கரகரப்புதான்டா ஞாபகம் இருக்கு. மெட்டு சுத்தமா போயிடுச்சு," என்றான்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவள் தன் கைத்தொலைபேசியில் பதிவை அழுத்தி, மேசையில் எனக்கு முன்னால் வைத்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு முனகத் தொடங்கினேன். முதல் இரண்டு வரி சரியாக வந்தன. மூன்றாவது வரியில் 'அப்பா' என்று ஒரு சொல் வரும். அந்த இடத்தில் அக்கா குரலை எங்கோ மேலே கொண்டுபோய், யாரும் நினைக்காத பக்கம் திருப்பி இறக்குவார். கல்யாண வீட்டில் இலையில் கை நிற்பதெல்லாம் அந்த மாதிரி இடங்களில்தான். எங்கே கொண்டுபோனார், எப்படித் திருப்பினார் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு தடவை முயன்றேன். பந்தலுக்குக் கீழே பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

நான் நிறுத்தினேன். அவள் கொஞ்சம் காத்திருந்தாள்.

"இவ்வளவுதானா அங்கிள்?"

"இவ்வளவுதாம்மா," என்றேன்.